ஃபியோர்டுக்குப் போகும் வழியில் ஒரு ஷட்டர்

1

இது ஒரு பயணக் கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. என் நண்பன் ரூபேந்திரன் ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பைப் பார்த்துக்கொள்கிறான். 'கோடையில் ஸ்கேண்டிநேவியா: நகரங்களும் ஃபியோர்டுகளும்' என்று தலைப்பையும் அவனே வைத்துவிட்டு ஒரு பக்கம் கேட்டான். எங்கே தங்கலாம், ரயிலில் எந்தப் பக்கம் உட்காரலாம், மழைக்கு என்ன எடுத்துப்போகலாம். நானும் சரி என்றேன். அப்போது நான் அங்கே போனதில்லை. இப்போதும் போகவில்லை.

"போகாம எப்படிடா எழுதுவ?"

"கெளம்புற வரைக்கும் நடந்தத எழுதுறேன்."

"அது கட்டுரை இல்ல, கதை."

"கதைன்னே போட்டுக்க."

அவன் போடவில்லை. ஆகவே இது உங்களிடம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நாயகன் நான்தான். 'நான்' என்றுதான் முதலில் எழுதிப் பார்த்தேன். 'நான் என் மனைவியை இழந்த பிறகு—' 'நான் தனியாக இருக்கும் வீட்டில்—' எந்த வாக்கியத்தை எடுத்தாலும் இரங்கல் கூட்டத்தில் எழுந்து நிற்பவனின் தொண்டைதான் கேட்டது. அடித்துவிட்டு 'அவன்' என்று போட்டேன். பேனா ஓடியது. அவனுக்கு நவ்சாத் என்று பெயர் வைத்தேன். மலேசியாவில், ஜொகூரின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பொறியாளன். முப்பதைத் தாண்டி இன்னும் நாற்பதின் பக்கம் திரும்பாத வயது. இனி நடப்பதெல்லாம் அவனுக்கு. அடைப்புக்குறிகளும் அடிக்குறிப்புகளும் மட்டும் எனக்கு.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

'நார்வேயின் மேற்குக் கரையில் கடல், மலைகளைப் பிளந்துகொண்டு நெடுந்தூரம் உள்ளே வந்து அசையாமல் நிற்கிறது. இதற்குத்தான் ஃபியோர்டு என்று—'

(நிறுத்தினேன். இது ரூபேந்திரனின் ஒரு பக்கம்.)

'நஸீமா மறைந்த இரண்டாவது வருடத்தில் நவ்சாத்—'

(இதையும் நிறுத்தினேன். சாவில் தொடங்கினால் வாசகர் அழுகைக்குக் காத்திருப்பார். நவ்சாத் அழுவதில்லை. அது தைரியம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் உதடு இருக்கும், தண்ணீர் வாயோரம் வழியும், உதட்டுக்குத் தெரியாது. இரண்டு வருடமாக அவன் முழுக்க அப்படி.)

'ஸ்கூடாயில் ஒரு கடை இருந்தது. அது மூடியதே இல்லை.'

(இது. இதை வைத்துக்கொள்வோம்.)

3

ஸ்கூடாயில் ஒரு கடை இருந்தது. அது மூடியதே இல்லை. நாசி கண்டார் என்னும் சோற்றுக் கடை. இரவும் பகலும் சோறும் குழம்பும் தேநீரும் கிடைக்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், லாரி ஓட்டிகள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் என்று யாராவது எப்போதும் ஒரு மேசையில் இருப்பார்கள். பெருநாள் அன்று திறந்திருக்கும். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் திறந்திருக்கும். ஊரடங்கில் அரசாங்கம் மூடச் சொன்ன நேரங்களில், கடைக்காரர் அமானுல்லா வாசலின் குறுக்கே மேசைகளைப் போட்டுவிட்டு, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு கல்லாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஷட்டரை மட்டும் இறக்கவில்லை. ஷட்டர் என்று ஒன்று அந்தக் கடைக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

அமானுல்லா நவ்சாத்தின் மனைவி நஸீமாவின் தகப்பனார், அவனுக்கு மாமா. ஆரிஃபா மாமி.

கடையில் ஒரு வழக்கம். சமையலுக்கு ஆள் வைக்கலாம், தேநீர் ஆற்ற ஆள் வைக்கலாம். கல்லாவில் மட்டும் குடும்பத்து ஆள்தான் உட்கார வேண்டும். மகள்களுக்குப் படிப்பு, வேலை; மிஞ்சியது மாமாவும் மாமியும்தான். ஆகவே காலையிலிருந்து மாலை அசர் தொழுகை வரை மாமி. அசருக்குப் பின் விடியும் வரை மாமா. இவர் வரும்போது அவர் எழுந்திருப்பார். "கேஸ் சொல்லியாச்சு." "அரிசி சாயங்காலம் வருது." அவர்களுடைய தாம்பத்தியம் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில் நடந்தது. மக்காவுக்கு உம்ரா பயணம்கூடத் தனித்தனியாகத்தான் போனார்கள். மாமி தன் அண்ணனோடு ஒரு வருடம். மாமா அடுத்த வருடம்.

நஸீமாவின் பட்டமளிப்பு விழாவுக்கு மாமி வந்தார். தங்கை நுஸ்ரத்தின் பட்டமளிப்பு விழாவுக்கு மாமா வந்தார். முறை வைத்துப் பிரித்துக்கொண்டதுபோல இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. நஸீமா மட்டும் கேட்டாள். கல்யாணமான புதிதில் நார்வே ரயில் ஒன்றின் காணொளியைப் பார்த்துவிட்டு அவளும் நவ்சாத்தும் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தபோது கேட்டாள்.

"நம்ம ரெண்டு பேரும் போலாம்," என்றான் அவன்.

"அஞ்சு பேரும். அத்தா, அம்மா, நுஸ்ரத்.* அத்தாவும் அம்மாவும் ஒண்ணா வரணும். ஒரு ஆள் கல்லாவுல, ஒரு ஆள் ஃபியோர்டுலன்னா நான் வரலப்பா."

"மாமா கடைய விட்டு வருவாங்களா?"

"வர வைக்கிறது உங்க வேலை. இஞ்சினியர்தானே?"

அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் தலையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. இதற்கு மேல் அந்த வாக்கியத்தை நீட்ட எனக்கு விருப்பமில்லை.

அன்றும் கடை திறந்தே இருந்தது. அடக்கம் முடிந்து மாமா நேராகக் கல்லாவுக்குப் போனார். (ஒரு வரைவில் 'நவ்சாத் அதை மன்னிக்கவேயில்லை' என்று எழுதியிருந்தேன். அழகான வாக்கியம். பொய். அன்று மாலை அவனும் அந்தக் கடைக்குத்தான் போனான். மாமா ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டு வைக்கச் சொன்னார். அவன் சாப்பிட்டான்.)

இரண்டு வருடம் கழித்து, யாரும் கேட்காமலே, அவன் அந்த வரைபடத்தை மறுபடியும் எடுத்தான். இப்போது நான்கு பேர். மாமாவும் மாமியும் ஒன்றாக வர வேண்டும். ஒருவர் தங்கினாலும் பயணம் இல்லை. கதையின் பணயம் இவ்வளவுதான். சின்னதாகத் தெரிந்தால், நீங்கள் அந்தக் கல்லாவைப் பார்த்ததில்லை.

* மனைவியை இழந்தவன், மணமாகாத மைத்துனி. வாசகர் எந்தத் திசையில் போகிறார் என்று எனக்குத் தெரிகிறது. உறவினர்களும் அதே திசையில்தான் போனார்கள். நுஸ்ரத் ஒரே வரியில் முடித்துவைத்தாள்: "மச்சான் சாப்பிட்ட தட்ட எடுக்காம போற ஆளு, எனக்கு வேணவே வேணாம்." குலாயில் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். பத்து பகாட் என்ற ஊரில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. இந்தக் கதையில் அவருடைய பங்கு இந்த வாக்கியத்தோடு முடிகிறது.

4

இருவரையும் ஒரே நேரத்தில் பிடிக்க ஒரு நாளில் ஒரே வேளைதான் உண்டு. கல்லா கை மாறும் வேளை. நவ்சாத் காலை ஷிஃப்ட் முடித்து, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, அந்த வேளைக்குக் கடையில் இருந்தான். கல்லாவுக்கு எதிர் மேசையில் விரித்தான். பாசிர் கூடாங்கில் குழாய்கள் எப்படி ஓடுகின்றன என்று புதியவர்களுக்கு விளக்குவதுபோல விளக்கினான்.

"மொதல்ல கோபன்ஹேகன். அங்கேர்ந்து கடல் பாலத்து மேல ரயில். ஸ்டாக்ஹோம். அப்புறம் ஓஸ்லோ. ஓஸ்லோவுலேர்ந்து மலை மேல ஏறுற ரயில். மிர்டால்னு ஒரு எடத்துல எறங்கி, வேற குட்டி ரயில்ல அப்படியே சரிவுல கீழ, ஃப்ளோம். அங்க படகு. படகுலதான் ஃபியோர்டு. கடைசியா பெர்கன்."

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"சோறு?"

"கிடைக்கும் மாமி."

"கிடைக்கும்னா, என்ன அரிசி?"

"அரிசிதான் மாமி."

"இந்தப் பிள்ளைக்கு அரிசின்னா அரிசிதான். குட்டி ரைஸ் குக்கர் ஒண்ணு நான் எடுத்துக்கறேன். சம்பால் வறுத்து எடுத்துக்கறேன். அந்தக் குட்டி ரயில்ல பிளக் இருக்குமா?"

வேலையிலிருந்து வந்திருந்த நுஸ்ரத் சிரித்தாள். "ஃபியோர்ட பாத்துக்கிட்டே குக்கர் விசில் அடிக்குமா, ம்மா?"

"ரைஸ் குக்கர் விசில் அடிக்காதுடி. மருந்துக் கடையில இதையெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

மாமி வழிக்கு வந்துவிட்டார் என்று நவ்சாத்துக்குப் புரிந்தது. குக்கரைப் பற்றிப் பேசுகிறவர் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார். அவன் மாமாவைப் பார்த்தான். மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு மாணவனுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க, மாப்பிள்ளை. நல்லா பாத்துட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்ல."

"நீங்களும் வரணும், மாமா."

"நானா? அங்க ஜூன் மாசம் சூரியன் மறையாதாம்ல. மஃரிப் எப்பத் தொழுவுறது?"

"நம்ம போற ஊருல மறையும், அத்தா," என்றாள் நுஸ்ரத். "லேட்டா மறையும். பயணத்துல சேத்துத் தொழலாம். பள்ளிவாசல் உஸ்தாஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"குளிரும்."

"நம்ம மீன் வைக்கிற ஃப்ரீஸருக்குள்ள தலைய விட்டு அரை நாள் தேடுவீங்க. அதவிடவா?"

"முட்டி வலிக்கும்."

"படகுல உக்காந்துதான் போறோம்."

மாமா மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். காரணங்கள் தீர்ந்தவரின் பார்வை. பிறகு உண்மையைச் சொன்னார். "கல்லாவுல யாரு உக்காருவா?"

மாமி எழுந்தார். மாமா உட்கார்ந்தார். "கேஸ் சொல்லியாச்சு," என்றார் மாமி.

மறுநாளும் அவன் வரைபடத்தோடு போனான். அதற்கு மறுநாளும். தேநீர் ஆற்றும் ரபீக் அந்த மேசையை அவனுக்காகத் துடைத்து வைக்கத் தொடங்கினார். வரைபடத்தில் ஓஸ்லோவின் மேல் ஒரு குழம்புக் கறை விழுந்தது. மாமா ஒவ்வொரு நாளும் அதே ஊர்களைக் கேட்டார், தலையாட்டினார், அதே கேள்வியைக் கேட்டார்.

5

(இந்த இடத்தில் மாமாவை நான் சந்தேகிக்கத் தொடங்கினேன். பிடிவாதக்காரக் கிழவர் என்ற பாத்திரம் எந்தக் கதையிலும் சுலபமாகக் கிடைக்கும். கடைசிப் பக்கத்தில் உருகுவதற்கென்றே படைக்கப்பட்டவர். மாமா கிழவர் இல்லை. தலைமுடிக்கு இன்னும் மை போடுகிறார். உருகுகிறவரும் இல்லை. அவரை உருக வைக்க ஒரு வசனம் எழுதினேன். நவ்சாத் மேசையில் கையை ஊன்றி எழுந்து நிற்கிறான்:

'மாமா, நஸீமா கடைசியா ஆசப்பட்டது என்ன தெரியுமா? நீங்களும் மாமியும்—'

அங்கேயே விட்டுவிட்டேன். அவன் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் ஒரு முறையும் சொல்லவில்லை. நஸீமா அந்த நிபந்தனை போட்டது அவனுக்கும் நுஸ்ரத்துக்கும் மட்டும்தான் தெரியும். அதை எடுத்துச் சொல்லியிருந்தால் மாமா அன்றே வந்திருப்பார். தண்டனைக்குப் போகிறவர்போல வந்திருப்பார். இறந்தவளின் பெயரைக் கடப்பாறையாக வைத்து ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து நெம்ப அவனுக்கு மனம் வரவில்லை. "சொல்லித் தொலைங்களேன் மச்சான்," என்று நுஸ்ரத் கேட்டபோது, "அவரா வரணும்," என்றான். அவ்வளவுதான் அவன் பேச்சு. நானாக இருந்தாலும் அவ்வளவுதான்.)

6

பிறகு அவன் ஒரு தப்புச் செய்தான். ஜொகூரில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஸ்வீடனில் கோடையின் நடுவில் ஒரு திருநாள் வரும். மிட்சம்மர். ஆண்டிலேயே பெரிய கொண்டாட்டம் என்று படித்தான். உடனே திட்டத்தை முன்னும் பின்னும் இழுத்து, அந்தத் திருநாளுக்கு முந்திய நாள் சரியாக ஸ்டாக்ஹோமில் இருக்கும்படி செய்தான். அவனைக் குறை சொல்லாதீர்கள். பெருநாளுக்கு முந்திய நாள் ஜொகூர் பாருவில் எப்படி இருக்கும்? தீபாவளிக்கு முந்திய நாள்? தெரு முழுக்கக் கடை, கடை முழுக்க வெளிச்சம், நடக்க இடம் இருக்காது. திருநாள் என்றால் ஊர் திறக்கும். அவனுக்குத் தெரிந்த திருநாள் அதுதான்.

"அன்னைக்கு ஊரே தெருவுல இருக்கும், மாமா. நல்லா சுத்தலாம். பொருள் வாங்கலாம். விதவிதமா சாப்பிடலாம்," என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

நுஸ்ரத் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். முகம் மாறியது.

"அலமாக், மச்சான்."

"என்ன?"

"அன்னைக்கு அந்த ஊரே பூட்டிருக்கும்லா."

"திருநாள்னு போட்டிருக்கே."

"திருநாளுன்னாலதான் பூட்டிருக்கும். எல்லாரும் ஊர விட்டு ஏரிப் பக்கம், காட்டுப் பக்கம் போயிடுவாங்களாம். முக்காவாசிக் கடை இல்ல. ரெஸ்டோரண்ட் இல்ல. இங்க பாருங்க, ஒருத்தன் எழுதியிருக்கான், பசியில சுத்துனானாம்."

மாமி குக்கரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். நன்றாகக் கவனியுங்கள்: வாடிக்கையாளர் ஒருவர் காசை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார், மாமா எழுந்து வந்தார்.

"சாப்பாட்டுக் கடையுமா மூடுறான்?"

"பெரும்பாலும் மூடிடுவாங்க, அத்தா."

"யாரு மூடச் சொல்றது? அரசாங்கமா?"

"யாரும் சொல்லல. அவங்களாத்தான்."

"அப்ப கஸ்டமரு எங்க சாப்பிடுவான்?"

"அவனும் வீட்ல இருப்பான். குடும்பத்தோட வெளிய மேசை போட்டு, மீனு, உருளைக்கிழங்குன்னு சாப்பிடுவாங்க போல. படம் இருக்கு, பாருங்க."

"மொதலாளி?"

"மொதலாளியும்தான்."

மாமா படத்தைப் பார்த்தார். புல்வெளியில் நீளமான மேசை, தலையில் பூ வளையம் வைத்த பெண்கள், கை மடித்த சட்டையில் ஆண்கள். அவர் யாரையோ அடையாளம் தேடுவதுபோலத் தேடினார்.

"இதுல எவன் கடைக்காரன்?"

"எப்படித் தெரியும், அத்தா?"

"திரும்ப வந்து தொறந்தா கஸ்டமரு வருவானா?"

"வருஷா வருஷம் இப்படித்தானே நடக்குது. வராமலா?"

காசை நீட்டியவர் இருமினார். மாமா திரும்பிப் போய் வாங்கிக்கொண்டார். மீதியைத் தப்பாகக் கொடுத்தார்.

நவ்சாத் அன்று வீட்டுக்குப் போய்த் தேதிகளை மாற்றினான். மறுநாள் புதிய திட்டத்தோடு வந்தபோது, மாமா அவன் உட்காரும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"மாப்பிள்ளை, அந்த நாள மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டேன், மாமா. சாப்பாட்டுக்குச் சிரமம்—"

"மாத்தாதீங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் அதப் பாக்கணும்."

"எத, மாமா?"

"ஒரு ஊரு மொத்தமும் கடைய மூடிட்டுச் சோறு திங்கப் போறத."

(பனி மூடிய மலை இல்லை. கண்ணாடி போன்ற நீர் இல்லை. ஃபியோர்டை ஐந்து வரைவுகளில் வர்ணித்துப் பார்த்தேன், அவர் நகரவில்லை. நகர வைத்தது பூட்டிய கடைகள். ரூபேந்திரனின் கட்டுரையில் இதற்கு இடம் இருந்திருக்காது.)

மாமி கல்லாவில் இருந்தபடியே கேட்டார். "நீங்க போனா, நான்தான இங்க இருக்கணும்?"

"நீயும் வா."

"அப்ப கல்லா?"

மாமா கல்லாவைப் பார்த்தார். பழைய மரமேசை, அதன் மேல் மிட்டாய் ஜாடி, ரப்பர் பேண்டுகள் தொங்கும் ஆணி. ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மூடிடுவோம்."

அந்தக் கடையில் அந்தச் சொல்லை அதுவரை குழம்புச் சட்டிக்குத்தான் சொல்லியிருந்தார்கள். ரபீக்கின் கையில் ஆறிக்கொண்டிருந்த தேநீர் குவளைக்கு வெளியே விழுந்தது. மாமி சிரித்தார், கேலி என்று நினைத்து. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். பிறகு வேறு விதமாகச் சிரித்தார்.

நவ்சாத் அந்த மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நான்கு விமான டிக்கெட் எடுத்தான். பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டும்போது நுஸ்ரத் பின்னால் நின்று எழுத்தைச் சரி பார்த்தாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் அவன் ரபீக்கைக் கூப்பிட்டான்.

"பாய், இன்னொரு தட்டு. மீன் தலை இருக்கா?"

இரண்டு வருடத்தில் அவன் இன்னது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ரபீக் பெரிய தலையாகப் பார்த்து எடுத்து வைத்தார். காரமாக இருந்தது. அவனுக்குத் தெரிந்தது.

7

மூடுவதென்று முடிவானது. எப்படி மூடுவது?

ஷட்டர், பெயர்ப்பலகைக்குப் பின்னால் சுருண்டிருந்தது. ரபீக் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு, "உள்ள மைனா குடும்பம் நடத்தியிருக்கு பாஸ்," என்றார். நல்லவேளையாகப் பழைய கூடு; காலியாக இருந்தது. அதை எடுத்தார்கள். துருவைச் சுரண்டினார்கள். எண்ணெய் விட்டார்கள். கையில் கிடைத்த எண்ணெய் அப்பளம் பொரித்தது. ஒரு வாரம் கடை முழுக்கத் துருவும் அப்பளமும் கலந்து மணத்தது.

பயணத்துக்கு முன்னால் ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று நவ்சாத் சொன்னான். ஆலையில் புதிய வால்வு போட்டால் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி பரவியதில் அன்று கூட்டம் கூடிவிட்டது. மாணவர்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்தார்.

லிம் அங்கிள் தினமும் அந்த நேரத்தில் கோப்பி குடிக்க வருபவர். மேசைகளை ஒதுக்குவதைப் பார்த்துக் கோப்பிக் குவளையோடு எழுந்து நின்றார். மலாயில் கேட்டார்: "பாஸ், துத்துப் கா? சியாப்பா மாத்தி?" மூடுறீங்களா? யாரு செத்தது?

அந்தக் கேள்விக்கு அந்தக் கடையில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது. ரபீக் தரையைப் பார்த்தார். நுஸ்ரத் நவ்சாத்தைப் பார்த்தாள். நவ்சாத் மாமாவைப் பார்த்தான்.

மாமா சட்டைக் கையை மடித்தார்.

"யாரும் சாகல, அங்கிள். நானும் என் பொஞ்சாதியும் ஜாலான்-ஜாலான் போறோம்!"

அதைத் தமிழில்தான் சொன்னார். ஜாலான்-ஜாலான் போதுமாக இருந்தது. ஊர் சுற்றப் போகிறார்கள் என்று லிம் அங்கிளுக்கும் புரிந்தது, டயர் கடைக்காரருக்கும் புரிந்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, மாமா உள்ளே போய்ச் சங்கிலியைப் பிடித்தார். வெளியே ரபீக்கும் டயர் கடைக்காரரும் கொக்கியை மாட்டி இழுத்தார்கள். நவ்சாத் ரபீக்கின் பின்னால் நின்று பிடித்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே ஏதோ முனகியது. துரு மழைபோலக் கொட்டியது. எந்த ஆண்டின் காகிதமோ ஒன்று மிதந்து விழுந்தது. "ஏலேலோ!" என்று ரபீக் கத்த, மாணவர்கள் எதிர்க்குரல் கொடுக்க, தடதடவென்று அந்தத் தெருவே கேட்டிராத சத்தத்தோடு ஷட்டர் இறங்கியது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

அசைக்க முடியவில்லை. அதனால் என்ன? கைதட்டினார்கள். கார்கள் ஹாரன் அடித்தன. லிம் அங்கிள் குவளையை உயர்த்தினார். நவ்சாத்தின் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"மச்சான்," என்றாள் நுஸ்ரத். "அம்மா எங்க?"

மாமி சமையலறையில் இருந்தார். இப்போதுதான் இறக்குகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "என்னங்க, கரண்டு போயிடுச்சா?"

8

கதையை முடிக்க வேண்டும். என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: சாங்கி விமான நிலையத்தில், பெட்டிகள் உள்ளே போன பிறகு, மாமா நிற்கிறார். "கேஸ் வால்வ மூடுனமா?" திரும்பிவிடுகிறார். (சோகமான முடிவுகளுக்கு மதிப்பு அதிகம். ஆனால் இவர் ஷட்டரை இறக்கிய மனிதர். இனி அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை.)

இன்னொன்று: ஸ்டாக்ஹோம். வெயில் இருக்கும் ஆளில்லாத தெரு. மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு பூட்டிய கடையின் முன்னும் நிற்கிறார். ஒரு பூட்டை ஆட்டிப் பார்க்கிறார். "நல்ல பூட்டு." மாமி பையிலிருந்து சோற்றுப் பொட்டலத்தை எடுக்கிறார். (இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது மாமாவின் நாள். அவர் பார்க்கும் முன் நான் பார்ப்பது முறையில்லை.)

மூன்றாவது: ஃபியோர்டில் படகு. இரண்டு பக்கமும் மலை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமாவும் மாமியும். நவ்சாத் கைப்பேசியை உயர்த்தி— (படம் இன்னும் எடுக்கவில்லை. எடுக்காத படத்தை எப்படிக் காட்டுவது?)

ஆகவே பயணத்தை இந்தக் கதையில் நான் எழுதப் போவதில்லை. டிக்கெட் இருக்கிறது. போவார்கள். அது அவர்களுடையது. எனக்கு அந்தப் பிற்பகல் போதும்.

9

நவ்சாத் நடைபாதையில் முழங்காலிட்டுக் குனிந்து, அந்த ஒரு சாண் இடைவெளி வழியாக உள்ளே பார்த்தான்.

விளக்கு எரிந்தது. மேசைக் கால்கள். நாற்காலிக் கால்கள். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஒரு மேசையின் கீழே மாமியின் செருப்புக் கால்கள், ஓய்வாக, ஒன்றின் மேல் ஒன்று. மாமாவின் கால்கள் தேநீர் ஆற்றும் இடத்தில் நின்றன.

"என்ன குடிக்கிற?" மாமாவின் குரல். எந்த மேசையிலும் கேட்கும் அதே குரல்.

"தே ஓ. சீனி வேணாம்."

"பாலு?"

"தே ஓன்னு சொன்னா பால் கிடையாது. இத்தன வருஷமா கடை நடத்துறீங்க."

"நீ பாலு போட்டுல்ல குடிப்ப?"

"அது எப்பவோ விட்டாச்சு."

"எப்ப?"

தேநீர் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு விழும் சத்தம் கேட்டது. பால் சேராத தேநீரை யாரும் அப்படித் தூக்கி ஆற்ற மாட்டார்கள். மாமா ஆற்றினார். பிறகு அவருடைய கால்கள் நடந்து வந்தன. நாற்காலி ஒன்று இழுபட்டது. நான்கு கால்களும் ஒரே மேசையின் கீழ் வந்தன. கல்லாவில் யாரும் இல்லை.

ரபீக் டயர் கடையிலிருந்து கடப்பாறை வாங்கி வந்துவிட்டார். "தம்பி, நெம்பித் தூக்கிடலாமா? ஆளுங்க சோத்துக்கு நிக்கிறாங்க."

"இருங்க பாய்."

"பின்கதவு தொறந்துதான மச்சான் இருக்கு?" என்றாள் நுஸ்ரத். "வேணும்னா அவங்க வெளிய வரலாமே."

(ஆம். இதை நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிட நினைத்தேன். பின்கதவு உண்டு. தாழ் போடவில்லை. இருவருக்கும் அது தெரியும். இருவரும் வரவில்லை.)

"தெரியும்," என்றான் நவ்சாத். எழுந்து, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு வருடமாக யாரும் கேட்டிராத குரலில் சொன்னான்: "கடை மூடியாச்சு! எல்லாரும் அப்புறம் வாங்க!"

சிலர் போனார்கள். பலர் நின்றார்கள். லிம் அங்கிள் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே மாமி ஏதோ சொன்னார். மாமா சிரித்தார். மாமா சிரித்து நவ்சாத் கேட்டதுண்டு. இந்தச் சிரிப்பைக் கேட்டதில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஷட்டருக்கு வெளியே நிற்பவனுக்கு எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் எனக்கும் கேட்டது. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மகளைப் பற்றி இருக்கலாம். அரிசியைப் பற்றியும் இருக்கலாம்.

கடப்பாறை தயாராக இருக்கிறது. ரபீக் நவ்சாத்தைப் பார்க்கிறார். நவ்சாத் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன். எப்போது தூக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெதுவாகச் சொல்லுங்கள். இப்போதுதான் இரண்டாவது குவளை ஆற்றுகிறார்.